சட்டம் அளந்தது வயதை: பதின்பருவக் காதலும் அதனுள் நிகழும் வன்முறையும்

1972 மார்ச் 26 அன்று இரவு, மகாராஷ்டிரத்தின் அன்றைய சந்திரபூர் மாவட்டத்திலிருந்த தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்கு ஓர் ஆதிவாசிச் சிறுமி விசாரணைக்காக வரவழைக்கப்பட்டார். அவருக்கு வயது 14 முதல் 16 வரை இருக்கலாம் என்பது மருத்துவக் கணிப்பு. பெற்றோரை இழந்தவர்; கூலி வேலை செய்த அண்ணனோடு வாழ்ந்தவர். வீட்டுவேலைக்குச் சென்ற இடத்தில், அவ்வீட்டாரின் உறவினரான ஓர் இளைஞரோடு காதல் ஏற்பட்டு, இருவரும் மணந்துகொள்வதென முடிவு செய்திருந்தனர். தங்கையை அவர்கள் கடத்திவிட்டனர் என்று அண்ணன் புகார் அளித்தார். வாக்குமூலங்கள் பதிவான பின் உடன் வந்தோர் வெளியே அனுப்பப்பட, சிறுமி மட்டும் நிலையத்துக்குள் நிறுத்தப்பட்டார். அதன்பின் இரு காவலர்கள் அவருக்கு இழைத்த கொடுமையே 'மதுரா வழக்கு' எனும் பெயரில் இந்தியச் சட்ட வரலாற்றில் நிலைபெற்றது.

இவ்வழக்கு மூன்று தலைமுறைச் சட்ட மாணவர்களுக்குப் பாலியல் வல்லுறவுச் சட்டச் சீர்திருத்தத்தின் தொடக்கப்புள்ளியாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. அது சரியே. ஆயினும் அன்றிரவு அச்சிறுமி ஏன் அங்கே இருந்தார் என்பது பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்லப்படுகிறது. அவரைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்தது, அவருடைய காதலைக் குறித்துக் குடும்பம் அளித்த புகார். அந்தக் காதலன் அவரை நல்ல முறையில் நடத்தினாரா, மிரட்டினாரா, அடித்தாரா, அன்பு செய்தாரா? அண்ணனின் புகாருக்கு அக்கேள்வி தேவைப்படவில்லை. காவல் துறைக்கும் தேவைப்படவில்லை. செஷன்ஸ் நீதிமன்றம் அச்சிறுமியின் காதலை அவருடைய ஒழுக்கத்துக்கு எதிரான சான்றாக மட்டுமே பயன்படுத்தியது.

பதின்பருவக் காதல் உறவுக்குள் நிகழும் வன்முறை இன்று உளவியலிலும் பொதுச் சுகாதாரத்திலும் தனித்த ஆய்வுப் பொருள். கைப்பேசியைப் பறித்துச் சோதித்தல், தோழியரிடமிருந்து பிரித்தல், உடையையும் போக்குவரத்தையும் கட்டுப்படுத்தல், படங்களை வெளியிடுவதாக மிரட்டல், பிரிந்தால் உயிரை மாய்த்துக்கொள்வதாக அச்சுறுத்தல், அடித்துவிட்டு அழுது மன்னிப்புக் கேட்டு மீண்டும் அடித்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் மேக்பீஸ் 1981-இல் கல்லூரி மாணவரிடையே காதல் காலத்து வன்முறையைக் குறித்து வெளியிட்ட கட்டுரையிலிருந்து இத்துறையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். இந்தியாவிலோ இளம்பெண்களின் உறவுகளைப் பற்றிச் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓயாது பேசியுள்ளன. அவ்வளவு பேச்சுக்கிடையில் மேற்கண்ட பட்டியல் மட்டும் எங்கும் இடம்பெறாமற்போனது தற்செயலன்று.

1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் பெண்ணின் இசைவு செல்லுபடியாகும் வயதைப் பத்து என வகுத்தது. மனைவிக்கும் அதே பத்துதான். 1890-இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் ஹரி மோகன் மைத்தி என்பவர்மீது நடந்த வழக்கில் இந்த எண்ணின் பொருள் வெளிப்பட்டது. அவருடைய மனைவி பூல்மணி பத்து வயதைக் கடந்து ஓராண்டு ஆகியிருந்த சிறுமி; கணவரோ முப்பதுகளில் இருந்தவர். உடலுறவால் ஏற்பட்ட குருதிப்போக்கில் அச்சிறுமி இறந்தார். பத்து வயது நிறைந்துவிட்டதால் வல்லுறவுக் குற்றச்சாட்டுக்கு இடமில்லை. எச்சரிக்கையற்ற செயலால் கொடுங்காயம் விளைவித்தமைக்காக ஓராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அதையொட்டி, இந்தியாவில் பணியாற்றிய பெண் மருத்துவர்கள் பலர் தம்மிடம் கொண்டுவரப்பட்ட சிறுமி மனைவியரின் காயங்களைத் தொகுத்து அரசுக்கு விண்ணப்பித்தனர். நெருங்கிய உறவுக்குள் இளம்பெண்ணின் உடலில் ஏற்பட்ட ஊறுகளை வரிசையாகப் பதிவு செய்த தொடக்ககால ஆவணங்களுள் அவ்விண்ணப்பமும் ஒன்று.

அதே காலத்தில் பம்பாயில் வேறொரு குரல் எழுந்திருந்தது. பதினோரு வயதில் மணம் முடிக்கப்பட்ட ருக்மாபாய், வளர்ந்த பின் கணவர் தாதாஜி பிகாஜியோடு வாழ மறுத்தார். 1884-இல் கணவர் தாம்பத்திய உரிமை மீட்பு வழக்குத் தொடுத்தார். 1885-இல் நீதிபதி பின்ஹே, விரும்பாத பெண்ணை வலிந்து அனுப்புவது காட்டுமிராண்டித்தனம் என்ற கருத்தில் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டுக்குப் பின், 1887-இல் நீதிபதி ஃபாரன் கணவரிடம் செல்ல வேண்டும் அல்லது ஆறு மாதச் சிறை என்றார். ருக்மாபாய் சிறையைத் தேர்ந்தார். 1888-இல் 2,000 ரூபாய் கொடுத்து வழக்கு சமரசத்தில் முடிந்தது. பின்னர் அவர் இலண்டனில் மருத்துவம் பயின்று திரும்பியது யாவரும் அறிந்ததே. அவர் எழுப்பிய வாதம் வயதைப் பற்றியது மட்டுமன்று. தம் அறிவு முதிராத நாளில் பிறர் செய்த ஏற்பாடு தம்மைக் கட்டுப்படுத்தாது என்றார். அம்மனிதரின் நடத்தையையும் காரணமாகக் காட்டினார். ஓர் உறவிலிருந்து வெளியேறும் உரிமை என இன்று அழைக்கப்படுவதை அவர் கோரினார்.

இவ்விரு வழக்குகளும் சேர்ந்து 1891-இன் இசைவு வயதுச் சட்டத்தைச் சாத்தியமாக்கின. ஆனால் ருக்மாபாயின் கேள்வி அதில் நுழையவேயில்லை. பத்து பன்னிரண்டாயிற்று, அவ்வளவே. அதற்கே திலகர் உள்ளிட்டோர், அந்நிய அரசு இல்லறத்துக்குள் நுழைவதாகக் கடுமையாக எதிர்த்தனர். வரலாற்றாய்வாளர் தனிகா சர்க்கார் இவ்விவாதத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். சீர்திருத்தவாதியும் அவர்தம் எதிர்ப்பாளரும் ஒரே எண்ணைச் சுற்றி நின்று போரிட்டதால், விருப்பம் என்பது உடல் முதிர்ச்சியின் அளவாகச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்திலிருந்து இந்தியச் சட்டம் இன்றுவரை மீளவில்லை.

அதன்பின் எண்கள் மெல்ல ஏறின. 1925-இல் மண உறவுக்கு வெளியே 14, உள்ளே 13. மோரோபந்த் ஜோஷி தலைமையிலான குழு 1928-29-இல் நாடெங்கும் சாட்சியம் பெற்றது; 1929-இல் சார்தா சட்டம் வந்தது. 1940களின் இறுதிக்குள் இசைவு வயது வெளியே 16, உள்ளே 15 என நின்றது. மனைவிக்கான அந்தப் பதினைந்து 2017-இல் உச்சநீதிமன்றம் தலையிடும்வரை அசையவில்லை.

இசைவு வயதோடு கூடவே இன்னொரு பிரிவும் 1860 முதல் செயல்பட்டது. சட்டபூர்வப் பாதுகாவலரின் காப்பிலிருந்து கடத்தல் என்பது அதன் பெயர். இக்குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் நடைமுறையில் தந்தை; பெண்ணின் விருப்பம் பொருட்படுத்தப்படுவதில்லை. பெண்களுக்கு முதலில் 16 ஆக இருந்த வயது வரம்பு 1949-இல் 18 ஆயிற்று. ஆக 1949-க்குப் பின், உறவுக்கு இசைவளிக்கத் தகுதி பெற்ற பதினேழு வயதுப் பெண், அவ்வுறவுக்காக வீட்டைவிட்டு வெளியேறத் தகுதியற்றவராயிருந்தார். உடன்போக்கு என்று ஒரு துறைக்கே பெயர் வைத்து, அதில் தாய், தோழி, வழியில் கண்டோர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கூற்று வகுத்த மொழியில், அதே செயலுக்கு முதல் தகவல் அறிக்கை வழங்கிய ஒரே சொல் 'கடத்தல்'.

இப்பிரிவின் கடுமையைத் தணித்த முதன்மையான தீர்ப்பு சென்னையிலிருந்தே சென்றது. 1960-இல் நுங்கம்பாக்கத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர், 18 வயது நிறைவடையச் சில வாரங்களே இருந்த நிலையில், தாமே தொலைபேசியில் அழைத்து வரச்சொல்லி வரதராஜன் என்பவரோடு பதிவாளர் அலுவலகம் சென்றார். வரதராஜனுக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. அழைத்துச் செல்லுதல் வேறு, தானாக வரும் ஒருவரை உடன்வர விடுதல் வேறு என்பது தீர்ப்பின் சாரம். அப்பெண்ணின் சிந்திக்கும் திறனை நீதிமன்றம் ஏற்றது பெரிய செய்தி. எனினும் 'தானே சென்றாரா?' என்ற ஒரே கேள்வியோடு விசாரணை முடிந்துவிடும் மரபையும் அது வலுப்படுத்தியது. தானே சென்றவர் சென்ற இடத்தில் துன்புறுத்தப்படலாம் என்ற எண்ணத்துக்கு அம்மரபில் இடமில்லை. இன்றும் அத்தகைய பெண்ணுக்குக் கிடைக்கும் விடை, 'நீயாகத் தேடிக்கொண்டதுதானே' என்பதாகவே உள்ளது.

மதுரா வழக்கில் உச்சநீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தபின், 1979 செப்டம்பரில் உபேந்திர பக்சி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார் ஆகிய நால்வரும் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். பணிந்துபோதல் வேறு, இசைதல் வேறு என்ற வேறுபாட்டை அம்மடல் இந்திய விவாதத்துக்குள் கொண்டுவந்தது. பதின்பருவ உறவுகளைப் புரிந்துகொள்ள இதைவிடப் பயனுள்ள கருத்து வேறில்லை. 1983-இன் திருத்தங்கள் அதைக் காவலர், சிறை அலுவலர், மருத்துவமனை நிர்வாகி முதலிய அதிகாரம் உடையோர் அளவில் நிறுத்தின. அதே ஆண்டு வந்த 498-ஏ பிரிவு கணவரையும் அவர்தம் உறவினரையும் கொடுமைக்குப் பொறுப்பாக்கியது. தெருவில் தொல்லை தரும் அந்நியருக்கு எதிராகப் பின்னர் மாநிலச் சட்டங்கள் வந்தன. ஒரு கல்லூரி மாணவியின் இறப்புக்குப் பின் தமிழ்நாடு 1998-இல் இயற்றியது அவற்றுள் ஒன்று. காவலர், கணவர், தெருவில் செல்லும் அந்நியர் ஆகிய மூவரையும் சட்டம் அடையாளம் கண்டது. மூவருக்கும் இடைப்பட்டவரான காதலருக்கு அதில் பெயரில்லை.

இந்த இடைவெளி 2005-இல் நிரம்பியிருக்கக்கூடும். அவ்வாண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உடல், பாலியல், சொல்வழி, உணர்வுவழி, பொருளியல் துன்புறுத்தல்களைத் தனித்தனியே வரையறுத்தது. மேற்கண்ட பட்டியலின் பெரும்பகுதியை அவ்வரையறை உள்ளடக்கும். திருமணத்தின் தன்மை கொண்ட உறவுகளையும் அது சேர்த்துக்கொண்டது. ஆனால் 2010-இல் வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் அச்சொற்றொடருக்கு நிபந்தனைகள் விதித்தது. இருவரும் ஒரே வீட்டில் குறிப்பிடத்தக்க காலம் வாழ்ந்திருக்க வேண்டும். தம்பதியராகச் சமூகத்தில் தோன்ற வேண்டும். மணம்புரியும் சட்ட வயதை எட்டியிருக்க வேண்டும். கடைசி நிபந்தனை பதின்பருவத்தினரை ஒரே வீச்சில் வெளியேற்றியது. கருத்தாக்கம் இருந்தது; அதற்கு உரியவராகும் தகுதி அவர்களுக்கு இல்லை.

2012-இன் போக்சோ சட்டம் இதற்கு நேர்மாறான திசையிலிருந்து வந்தது. 2011-இன் மசோதாவில் 16 முதல் 18 வயதுக்கு உட்பட்டோரின் இசைவைக் கருத்திற்கொள்ளும் கூறு இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு அதை நீக்கப் பரிந்துரைத்தது, நீக்கப்பட்டது. பொதுவான இசைவு வயது 16 ஆகவே தொடர வேண்டும் என்ற வர்மா குழுவின் கருத்தும் 2013-இல் ஏற்கப்படவில்லை. ஏறத்தாழ எழுபதாண்டுகளாக நின்ற எண், விரிவான சமூக விவாதமின்றி இரண்டு கூடியது. இதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. ஆட்கடத்தலுக்கும் வயது மூத்தோரின் சுரண்டலுக்கும் ஆளான சிறுமியரை, 'அவள் இசைந்தாள்' என்ற வாதமே நெடுங்காலம் நீதிமன்றத்தில் வீழ்த்தி வந்தது. குழந்தை உரிமைச் செயற்பாட்டாளர் பலர் வயதைக் குறைக்க இன்றும் தயங்குவது இப்பட்டறிவினால்தான். அத்தயக்கத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

விளைவுகளையும் பார்க்க வேண்டும். தில்லி மாவட்ட நீதிமன்றங்கள் 2013-இல் முடித்த வல்லுறவு வழக்குகளுள் முழுமையாக விசாரிக்கப்பட்ட 460 வழக்குகளை 2014-இல் தி இந்து நாளிதழ் ஆராய்ந்தது. அவற்றுள் சுமார் 40 விழுக்காடு, இளம் இணையரின் உறவை எதிர்த்துப் பெண்ணின் பெற்றோர் தொடுத்தவையாக இருந்தன. என்ஃபோல்ட் அமைப்பு அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களில் 2016 முதல் 2020 வரையிலான 7,064 போக்சோ தீர்ப்புகளை ஆராய்ந்து, அவற்றுள் 1,715 காதல் உறவு சார்ந்தவை எனக் கண்டது. அவற்றுள் மிகப் பெரும்பான்மை விடுதலையில் முடிந்தன. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி வி. பார்த்திபன் 2019-இலும் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021-இலும் இப்போக்கைச் சுட்டிக்காட்டினர். இந்த எண்கள் பெரும்பாலும், காதலித்த இளைஞர் சிறை செல்லும் அநீதிக்குச் சான்றாகவே மேற்கோள் காட்டப்படுகின்றன. அது உண்மை, ஆனால் பாதி உண்மை.

மறுபாதி, அடிபடும் பெண்ணைச் சார்ந்தது. பதினாறு வயது மாணவி ஒருவரைக் காதலன் அடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோரிடம் சொன்னால் காதல் வெளிப்படும். படிப்பு நிற்கும், அல்லது அவசரத் திருமணம் நிகழும். ஆசிரியரிடமோ ஆற்றுநரிடமோ மருத்துவரிடமோ உடலுறவு பற்றிய குறிப்பு வெளிப்பட்டால், போக்சோவின் 19-ஆம் பிரிவின்படி அவர்கள் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தவறினால் தண்டனை. 2019 திருத்தத்துக்குப் பின் அக்குற்றத்துக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை; பெண் 16 வயதுக்குக் குறைந்தவராயின் இருபதாண்டு. அவருக்கு வேண்டியது அடி நிற்பது. கிடைப்பதோ, அவன் வாழ்வை முடித்துவைக்கும் பொறுப்பு. இவ்வளவு பெரிய விலையை முன்வைத்து ஒரு சிறுமியைப் பேசச் சொல்லும் அமைப்பு, அவருடைய மௌனத்தைத் தானே உற்பத்தி செய்கிறது. மிரட்டுபவனும் இதை அறிவான்: 'உன் வீட்டில் சொல்லிவிடுவேன்' என்பது அவன் கையிலுள்ள மிக மலிவான ஆயுதம். காதல் இழிவாகக் கருதப்படாத வீட்டில் அவ்வாயுதத்துக்குக் கூர்மை இல்லை.

2013 திருத்தச் சட்டம் பின்தொடர்தலைக் குற்றமாக்கியது மெய்யான முன்னேற்றம். ஒரு பெண் ஈடுபாடின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னும் தொடர்வதே அதன் வரையறை. 'மறுப்பு' என்பதற்கு மறுப்பு என்றே பொருள் கொண்ட அரிய சட்ட வாசகம் அது. அம்மசோதா மீதான மக்களவை விவாதத்தில், நம்மில் யார்தான் பெண்களைப் பின்தொடராதவர் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டது பதிவாகியுள்ளது. விடாது துரத்தினால் அவள் மனம் கனியும் என்பது இந்தி முதல் தமிழ்வரை திரைப்படங்கள் பல பத்தாண்டுகளாகக் கற்பித்த பாடம். அவை மன்றத்தில் அன்று ஒலித்தது அதன் எதிரொலி. பொறாமையை அன்பின் அளவுகோலாக எண்ணும் பதினைந்து வயதினரிடம் வேறு பாடம் சொல்லியிருக்க வேண்டியது பள்ளிக்கூடம். 2005-இல் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் பல மாநிலங்கள் பண்பாட்டின் பெயரால் நிறுத்தின. 2009-இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாதென்றது. உறவில் மதிப்பு என்றால் என்ன, கட்டுப்பாடு என்றால் என்ன என்று பேசக் கிடைத்த ஒரே வகுப்பறை நேரமும் அத்தோடு போயிற்று.

2023 செப்டம்பரில் சட்ட ஆணையம் அளித்த 283-ஆவது அறிக்கை இவ்வரலாற்றில் விசித்திரமானதோர் இடம் பெறத்தக்கது. வயதைக் குறைக்க வேண்டாம் என்ற ஆணையம், 16 முதல் 18 வரையிலானோரின் வழக்குகளில் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு உரிமை வேண்டும் என்றது. அதற்குக் கருத வேண்டிய கூறுகளையும் வரிசைப்படுத்தியது: வயது வேறுபாடு மூன்றாண்டுக்குள் உள்ளதா, மிரட்டலோ வஞ்சகமோ தகாத செல்வாக்கோ இருந்ததா, ஆட்கடத்தலின் அறிகுறி உண்டா, ஆபாசப் படமெடுத்தலுக்குப் பயன்படுத்தப்பட்டாரா. ஓர் உறவின் உள்ளடக்கத்தை நோக்கி அரசு ஆவணமொன்று இவ்வளவு நெருங்கி வந்தது அரிது. ஆனால் அக்கேள்விகள் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவரின் தண்டனையை எடைபோடுவதற்காக எழுதப்பட்டவை. துன்புறும் சிறுமியிடம் முன்னதாகவே கேட்பதற்காக எழுதப்பட்டவையல்ல.

மேற்கு வங்கத்தில் 2018-இல் பதினான்கு வயதுச் சிறுமி ஒருவர் 25 வயது ஆணோடு வாழ வீட்டைவிட்டுச் சென்றார். தாய் புகார் அளித்தார். சிறப்பு நீதிமன்றம் இருபதாண்டுச் சிறை விதித்தது. 2023 அக்டோபரில் கல்கத்தா உயர்நீதிமன்றம் அவ்வாணை விடுவித்தபோது, வளரிளம் பெண்கள் தம் வேட்கையை அடக்கிக்கொள்ள வேண்டும் என அறிவுரை கூறியது. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, 2024 ஆகஸ்டில் அத்தீர்ப்பை நீக்கிக் குற்றத்தை உறுதிசெய்தது. தண்டனையை முடிவு செய்யுமுன், அப்பெண்ணைச் சந்தித்துப் பேச வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அதற்குள் அவர் வயதுவந்தவர். குழந்தையோடு அதே ஆணுடன் வாழ்பவர். அவரை விடுவிக்கக் கடன்பட்டவர். நடந்ததைக் குற்றமாக அவர் கருதவில்லை என்றும், காவல் நிலையமும் நீதிமன்றமும் அதன்பின் வந்த அலைச்சலுமே அவரைக் காயப்படுத்தின என்றும் குழு தெரிவித்தது. அதேவேளை, வீட்டைவிட்டுச் சென்ற நாளில் தெளிந்து தேர்வதற்கான வாய்ப்பு எதுவும் அவருக்கு அளிக்கப்பட்டிருக்கவில்லை என்றும் பதிவாயிற்று. 2025 மே 23 அன்று, சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி மேற்கொண்டு தண்டனை வேண்டாமென நீதிமன்றம் முடித்துவைத்தது. அவ்வுறவு தமக்கு என்னவாக இருந்தது என்று அப்பெண்ணிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்கப்பட்டபோது, அவர் வீட்டைவிட்டுச் சென்று ஆறாண்டுகள் கழிந்திருந்தன.